ஊற்றியவன் பெயர்

மகனே,

நானும் இங்குள்ளவர்களும் சுகம், உன் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு அப்படி எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு, அம்மா சுகமாகத்தான் இருக்கிறாள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுவாய். ரப்பர் ஸ்டோரில் கிளாக்கர் வேலைக்குப் போன பிறகு உனக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கிறது. அதனால் நான் சுகமா இல்லையா என்பதை இதில் எங்கேயும் எழுதவில்லை, தேடாதே. உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. உன் மாமன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் யார் வாங்கிப் படித்தாலும் படிக்கட்டும். கொண்டுவருகிறவனுக்குத்தான் படிக்கத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ராத்தல் பாணும் ஒரு டின் பாலும் வாங்கிக்கொண்டு வந்தாய். கினிகத்தேனையில் பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, மழையில் அந்த ஏற்றத்தையும் ஏறி வந்த பிள்ளைக்கு நான் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்தேன். நீ பாதி ரொட்டியில் கையை வைத்துக்கொண்டே, “அம்மா, மாமாவுக்கு ஒரு வேல பாத்திருக்கேன்” என்றாய். அடுப்புப் பக்கம் குந்தியிருந்த என் தம்பியின் முகத்தை அப்போது நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியோடு வாய்த் தகராறு முற்றி, பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு விரட்டிய நாளிலிருந்து என் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் சாக்கு விரித்துக் கிடக்கிறவன் அவன். பொல்பிட்டிப் பக்கம் கரண்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடினான். சிட்டிசன் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பெண்டாட்டியும் போய், பிள்ளையும் இல்லாமல், அக்காள் சோற்றைத் தின்கிறோமே என்று தினமும் ஒரு விறகுக்கட்டைக் கொண்டுவந்து வாசலில் போடுகிறான். அப்படிப்பட்டவனிடம் காவல்காரன் வேலை, தங்க ஒரு அறை என்றால் அவன் வேறு எதைக் கேட்பான்?

அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம் என்றாய். ரப்பர் பாலை உறைய வைக்க அசிட் ஊற்றி, மிஞ்சுகிற புளித்த தண்ணீரை உங்கள் ஸ்டோர் கழிவுக் கான் வழியாக ஆற்றில் விடுகிறது. ஆற்றில் குளிக்கிற சனங்கள் உடம்பெல்லாம் தடிப்பு என்று பெட்டிஷன் போட்டார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். இப்போது கேஸ் வந்துவிட்டது, கூண்டில் நிற்க ஒரு ஆள் வேண்டும். “கான் கதவத் தொறந்தது நான்தான், ஸ்டோருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மாமா சொன்னாப் போதும். தண்டத்த மொதலாளி கட்டிடுவாரு. சம்பளச் செக்ரோல்ல மாமா பேரப் பழைய தேதியிலேயே போட்டுக்கலாம், அது என் கையிலதான் இருக்கு.” இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் என்னவோ கேட்கப் போகிறேன் என்று நினைத்து நீயே பதிலும் சொன்னாய். “மொதத் தடவைன்னா தண்டம் மட்டுந்தாம்மா. மாமா பேர்ல முன்ன ஒண்ணும் இல்ல. அதனாலதான் மாமாவச் சொல்றேன்.” உன் மாமன் சிரித்தான். “என் பேருக்கும் ஒரு வெல வந்திருச்சேக்கா” என்றான். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். நான் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

முதல் தடவை என்றால் தண்டம் மட்டும்தான் என்று நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தில் அல்ல. உன் அப்பாவிடம் படித்தாய். அந்த மனுஷன் பட்டதிலிருந்து இதைத்தானா எடுத்துக்கொண்டாய்? அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. என் வாய் சமயத்தில் வந்ததே இல்லை. அதனால் எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரிந்த கதைதான். ஆனால் நீ அதைச் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தவன், முழுவதையும் ஒருமுறை வரிசையாகக் கேட்டதில்லை.

கொழுந்தில் கொப்புள நோய் வந்து தேயிலை மலைகள் கருகிய காலம் அது. நோய்க்கு நீல மருந்து அடித்தார்கள். உன் அப்பா மருந்து அடிக்கிற கும்பலில் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காது மடல், நகக்கண், பல்லிடுக்கு எல்லாம் நீலமாக இருக்கும். “கிருஷ்ணர் வேசம் கட்டுன மாதிரி இருக்கீங்க” என்று நான் கேலி செய்வேன். மருந்து கலக்கிய பீப்பாய்களைக் கழுவி, அடியில் தங்கிய வண்டலை மேட்டு ஓடையில் கொட்டச் சொன்னது மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா. அவருக்குச் சொன்னது தோட்டத்துத் துரை. எல்லாரும் கொட்டினார்கள், உன் அப்பாவும் கொட்டினார். அந்த ஓடைதான் கீழே இறங்கி நம் லயத்துப் பீலிக்கு வருகிறது. நாம் குடித்ததும், குளித்ததும், சோறாக்கியதும் அந்தப் பீலித் தண்ணீரில்தான். கொழுந்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்தில் நான் ஆயாவாக இருந்தேன். பிள்ளைகளின் துணியைப் பீலியில் அலசினால் வெள்ளைத் துணியில் மெல்லிய நீலம் ஏறும். கண்டாக்கையாவிடம் சொன்னேன். “வெள்ளக்காரி வீட்டுல காசு குடுத்து நீலம் வாங்கித் துணிக்குப் போடுறாங்க, ஒனக்குச் சும்மாவே வருது, போ” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. ஒரு கைப்பிள்ளை போய்விட்டது. அந்தப் பிள்ளையைக் கடைசியாக மடியில் வைத்திருந்தவள் நான். மருந்துத் தண்ணீரால்தான் போனது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வேறு எதனாலோ என்றும் சத்தியம் செய்ய முடியாது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வயிற்றோட்டம் என்று எழுதினார், அதோடு முடிந்தது. நம் பீலி நீலமாக ஓடியபோது எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை. நம் தண்ணீர் தோட்டத்துக்குள்ளே ஓடுகிற தண்ணீர், அது துரையின் வீட்டு விஷயம். நமக்கு ஓட்டும் இல்லை, இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சொல்லி அப்போதுதான் அதைப் பிடுங்கியிருந்தார்கள். அதே ஓடை தோட்டத்து எல்லையைத் தாண்டி, கீழே நாடு என்று நாம் சொல்கிற சிங்களக் கிராமத்து வயலுக்குள் போய், அங்கே மீன் செத்து மிதந்தபோது ஊர்த் தலைவர் ஆரச்சி மாத்தயா பெட்டிஷன் எழுதினார், இன்ஸ்பெக்டர் வந்தார். அவர்கள் செய்ததில் தப்பே இல்லை. வயலில் விஷம் வந்தால் யாரும் எழுதத்தான் செய்வார்கள். நமக்காக எழுத ஒரு ஆள் இல்லாமல் போனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர், உடைந்த தமிழில் பேசுவார். ஓடையைப் பார்த்துவிட்டு நேரே பிள்ளை மடுவத்துக்கு வந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் வைத்தார். “அம்மே, தோட்டத்தக் கூண்டுல ஏத்த ஏலாது. ஊத்தின ஆள் பேர் வேணும். தொரதான் ஊத்தச் சொன்னதுன்னா தொர பேர் எழுதலாம். ஆனா அவர் சொன்னதக் கேட்டேன்னு வந்து சொல்ல ஒரு ஆள் வேணும். நீங்க வருவீங்களா?” என்று கேட்டார். துரை சொன்னது என்று கண்டாக்கையா அந்த உத்தரவைக் கத்திச் சொன்னது காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், நூறு பேர் காதில் விழ. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா என்றேன். சொல்லியிருந்தால் மறுநாள் நம் சட்டி பானை ரோட்டில் கிடந்திருக்கும், நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். இதைப் பெரிய பாவமாக எடுத்து உன்னிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அன்றைக்கு மறுபடி போனாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் கசப்பாக இருக்கிறது.

ஊற்றிய ஆள் பேர் வேண்டும் என்றதும் கண்டாக்கையா நம் காம்பராவுக்கே வந்தார். அதுவரை அவர் லயத்து வாசல்படியை மிதித்ததில்லை. நான் பதறிப் போய்ப் பலகையைத் துடைத்துப் போட்டேன். “தொர ஒன்னத்தான் நம்பிக்கையான ஆளுன்னு சொன்னாருடா. நான்தான் ஊத்துனேன், யாரும் சொல்லலன்னு சொல்லிடு. தண்டத்தத் தோட்டம் கட்டிரும்” என்றார். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துரைக்குத் தன் பெயர் தெரிந்திருக்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்கும்தான். காலையில் அவருக்கு எண்ணெய் தேய்த்து, தலை வாரி, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டு அனுப்பினேன். தோட்டத்து லொறியில், முன் சீட்டில் உட்கார்ந்து கேஸ் நடக்கிற கோட்டுக்குப் போனார். தோட்டத்து வக்கீல் பெரக்கிராசி கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு ஏதோ இங்கிலீசில் சொன்னார், நீதவான் தண்டம் போட்டார். துரையின் நாய்க்கு இறைச்சி வாங்குகிற காசு அது. தோட்டம் கட்டியது. டவுன் கடையில் சோறும் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் ஒரு புதுக் கம்பளியோடு அனுப்பி வைத்தார்கள். செக்ரோலில் காசு பிடிக்காத கம்பளி, துரை சும்மா தந்தது. லயமே வந்து தொட்டுப் பார்த்தது. மறு வாரம் பீப்பாய்களை அதே ஓடையில்தான் கழுவினார்கள்.

நம் சனங்கள் செய்கிற தப்பு எது தெரியுமா? ஒருதரம் ஒரு வேலையைச் செய்தவனை அந்த வேலைக்கே வைத்துவிடுவது. பூச்சி பிடித்தவன் பூச்சிக்காரன், பறை தட்டியவன் பறைக்காரன். அதேபோல உன் அப்பா கோட்டுக்குப் போகிற ஆளாகிவிட்டார். யாருக்காவது பொலிசில் ஒரு விஷயம் என்றால் அவரிடம் வந்து எப்படிக் கும்பிட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். அவரும் பெரிய மனுஷன்போல விளக்குவார். நீ கொஞ்சம் வளர்ந்ததும் லயத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கோட்டுக் கேஸ் விளையாட்டு விளையாடுவாய். தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாய். எப்போதும் நீதான் நீதவான். மற்றதுகள் அப்பாவிப் பிள்ளைகள், வரிசையாக வந்து நான்தான் ஊத்துனேன் ஐயா என்று சொல்லிவிட்டுப் போகும். நானும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துச் சிரிப்பேன்.

சில வருஷம் கழித்துப் புதுத் துரை வந்தார். கம்பனி அனுப்பிய வீ.ஏ. துரை தோட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், மருந்து ஸ்டோரைத் துப்புரவு செய்யச் சொன்னார். கட்டிபட்டுக் கெட்டுப்போன பழைய மருந்து மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதை ஒரே நாளில் ஓடையில் தள்ளினார்கள். உன் அப்பா அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. காய்ச்சலில் சுருண்டு அந்தக் கம்பளிக்குள்தான் கிடந்தார், நீ அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாய். கீழ் நாட்டில் இந்தத் தடவை எருமைகள் செத்தன. கேஸ் வந்தது. கண்டாக்கையா மறுபடி நம் பலகையில் வந்து உட்கார்ந்தார். அப்பா தயங்கினார். “நான் அன்னைக்கு வேலைக்கே வரலீங்களே” என்றார். “ஒனக்குத்தான் கோட்டு வழி தெரியும். புதுசா ஒருத்தன அனுப்புனா ஒளறிக் கொட்டிருவான்” என்றார் கண்டாக்கையா. லயத்திலும் அதையேதான் சொன்னார்கள். பழகிய ஆள் போனால் மற்ற வீடுகளுக்குத் தொல்லையில்லை என்று பக்கத்துக் காம்பராக்காரர்களே வந்து கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் கண்டாக்கையா உன்னைப் பார்த்தார். “பயல டவுன் ஸ்கூல்ல சேத்து விடச் சொல்லித் தொரகிட்டச் சொல்றேன்” என்றார். அப்பா கல்யாணச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். நானும் எடுத்து வைத்தேன்.

கோட்டில் நடந்ததை அப்பா திரும்பி வந்து எனக்குச் சொன்னார், அதுவும் துண்டு துண்டாக, மாதக்கணக்கில். நீதவான் முதலில் கேட்டது, இந்த ஆள்மேல் முன்பு குற்றம் இருக்கிறதா என்று. இருக்கிறது, இதே குற்றம், இதே ஓடை. அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினாராம், பழைய வாடிக்கைக்காரனை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்கிற மாதிரி. பிறகு தோட்டத்துப் பெரக்கிராசி எழுந்தார். அப்பாவுக்காகப் பேச வந்தவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அதே ஆள். இந்தத் தொழிலாளியைத் தோட்டம் முன்பே கண்டித்தது, கண்டித்தும் கேட்காமல் மறுபடி செய்திருக்கிறான், தோட்டம் வருந்துகிறது, தோட்டத்தின்மேல் இதுவரை ஒரு குற்றமும் இல்லை என்றார். கடைசியில் சொன்னது உண்மைதான் மகனே. சட்டத்தின் கண்ணில் தோட்டம் ஒருநாளும் எதையும் ஊற்றவில்லை. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஊற்றியது உன் அப்பா. ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தால் தண்டம் போதாது என்று சட்டத்தில் இருக்கிறதாம். நியாயமான சட்டம்தான். நஞ்சை ஊற்றிவிட்டுக் காசைக் கட்டி, மறுபடி ஊற்றுகிறவனை உள்ளே போடத்தான் வேண்டும். நீதவான் மறியலில் அடைக்கச் சொன்னார். மொழிபெயர்க்கிறவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அப்பா பழைய ஞாபகத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, “சரிங்க ஐயா” என்றிருக்கிறார். தண்டத்தைக் கட்டிவிடுவார்கள் என்று நினைத்தாராம். லொறி அவர் இல்லாமல் திரும்பி வந்தது. முன் சீட்டில் கண்டாக்கையா மட்டும் இருந்தார்.

அடுத்த நாள் எருமையைப் பறிகொடுத்த கிழவர் கீழ் நாட்டிலிருந்து மேலே ஏறி வந்தார். ஒரு பலாக்காயை வாசலில் வைத்தார். இவரைப் பிடிக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை, துரையைக் கேட்கச் சொல்லித்தான் எழுதினோம் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் எருமை போனது போனதுதான். அவர் வயலுக்கும் ஒரு சதம் கிடைக்கவில்லை. நீ அந்தப் பலாக்காயைத் தொடமாட்டேன் என்று அழுதாய். நான் அதை வெட்டிச் சமைத்தேன். வீட்டில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா மறியலிலிருந்து வந்த அன்று ஊரே கூடி, உள்ளே அடித்தார்களா, உதைத்தார்களா என்று கேட்டது. அவர் சொன்னது ஒன்றே ஒன்று. “அங்க தண்ணி நல்லா இருந்துச்சு” என்றார். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. மறுநாள் பெரட்டுக்குப் போனார், பெயர் கூப்பிடவில்லை. கோட்டில் தண்டனை பெற்ற ஆளைக் கம்பனி வேலையில் வைத்திருக்காது என்று பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். என் பெயர் செக்ரோலில் இருந்ததால் காம்பரா மட்டும் மிஞ்சியது. பெண்டாட்டியின் காம்பராவில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று அவரும் தினமும் ஒரு விறகுக்கட்டைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். இப்போது புரிகிறதா, உன் மாமன் விறகைக் கொண்டுவந்து போடும்போது நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்று? அந்த மனுஷன் சாகிற வரைக்கும் பீலித் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டு ஊற்றுக்குப் போவார். உன்னை டவுன் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். கொடுத்த வாக்கில் அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றினார்கள். நீ படித்த இங்கிலீசுக்கும், இன்றைக்கு நீ செக்ரோலில் பெயர் எழுதுகிற கைக்கும் அப்பாவின் மறியல்தான் சம்பளம். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ அதைப் படிக்கத்தான் வேண்டும் என்று நானும் விரும்பினேன், விரும்பியது கிடைத்தது.

நீ போன பிறகு இதையெல்லாம் உன் மாமனிடம் சொன்னேன். தெரிந்த கதையை முதன்முதலாகக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்டுவிட்டு, “அத்தான் காலம் வேறக்கா. அன்னைக்கு ஆபீசுல நமக்கு யாரு இருந்தா? இப்ப நம்ம பயலே அங்க இருக்கான். அவன் மோசம் போக விடுவானா?” என்றான். நான் சண்டை போட்டேன், அழுதேன், சோறு போடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். அவன் பொறுமையாகச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான். உங்கள் ஸ்டோர் இந்தக் கேஸோடு அசிட் தண்ணீரை நிறுத்தப் போகிறதா? நிறுத்தாது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குழி வெட்டித் தேக்குகிற செலவைவிடத் தண்டம் கட்டுகிற செலவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவனே நீயாகத்தான் இருப்பாய். அப்படியானால் அடுத்த கேஸ் வரும். வந்தால் கோட்டு வழி தெரிந்த ஆள் யார்? வாசலிலேயே காவல் இருக்கிறவன். உன் மாமன். அன்றைக்கு அவன் பேரில் முன்பு ஒன்று இருக்கும்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. வந்தால் இங்கே உனக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? மாமன் படுக்கிற சாக்கில் பாதியா? முதலாளியின் பெயரை இன்ஸ்பெக்டரிடம் சொல் என்றும் கேட்கமாட்டேன். நான் சொல்லாததை நீ சொல் என்று கேட்க எனக்கு வாயில்லை. மாமனை விட்டால் வேறு ஒருவனைப் பிடிப்பார்கள், அவனுக்கும் ஒரு அக்காள் இருப்பாள் என்பதும் தெரியும். ஆற்றில் அசிட் போய்க்கொண்டேதான் இருக்கும். இதில் எதையும் என்னால் நிறுத்த முடியாது, உன்னாலும் முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். என் தம்பி என் பேச்சை நம்பவில்லை. நீ படித்தவன், நீ சொன்னால் நம்புவான். நீ பாலை விஷம் என்றால்கூட நம்புவான். அவனை உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவன் காதில் விழச் சத்தமாகப் படி. முக்கியமாகப் பெரக்கிராசி எழுந்து பேசியதைப் படி. படித்து முடித்த பிறகும் அவன் சரி என்றால் அது அவன் தலை. நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில், விடிந்ததும் புறப்படுகிறான். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னிடம் எண்ணெய் கேட்டு வாங்கித் தலையைப் படிய வாரிவிட்டான். பெட்டியிலிருந்த அப்பாவின் கம்பளியை அவனே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “காவக்காரனுக்குக் கம்பளி வேணும்லக்கா” என்றான். நான் தடுக்கவில்லை. நீ பார்க்கும்போது அடையாளம் தெரியும்.

நான் உன்னைப் பெற்றவள். என்ன நடக்கும் என்று இங்கே உட்கார்ந்தே எனக்குத் தெரிகிறது, அது பொய்யாகிப் போனால் அதைவிட எனக்கு வேறு சந்தோஷம் இல்லை. அவன் ஸ்டோர் ஆபீசுக்கு வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, இதை உன் கையில் கொடுப்பான். நீ நின்றபடியே முழுவதையும் படிப்பாய். உன் கண்ணும் கலங்கும், நீ கல்நெஞ்சக்காரன் இல்லை. உள்ளேயிருந்து முதலாளி, ஆள் வந்தாச்சா என்று கேட்பார். உன் மாமன் கையைக் கட்டிக்கொண்டு, “அக்கா என்னா மாப்ள எழுதியிருக்காங்க?” என்பான். நீ இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அம்மா சொகமா இருக்காங்களாம் மாமா” என்று சொல்லிவிட்டு, கைநாட்டு மையை அவன் பக்கம் நகர்த்துவாய்.